கொடுத்த கைக்கே

பெரியம்மா யாருடைய பையையும் தரையில் வைக்க விடமாட்டார். முதல் முறை நான் அவர் வீட்டுக்குப் போய், தோள்பையைக் கழற்றிச் சிமெண்டுத் தரையில் வைக்கக் குனிந்தபோது, அது தரையைத் தொடுவதற்குள் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு பையைப் பார்த்தார். மறுபடியும் முகத்தைப் பார்த்தார். மனதில் எங்கோ பதிந்துகொண்ட மாதிரி ஒரு தலையசைப்பு. அதற்கப்புறம்தான் பையை மடியில் வைத்துக்கொண்டு, "ம், கேளுத்தா" என்றார்.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒருமுறை பெயரை மாற்றி எழுதியே செய்ய வேண்டிய கெடுதலையெல்லாம் செய்து முடித்துவிட்டேன். நான் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். வயது ஐம்பத்தெட்டு என்று ஆதார் அட்டையில் இருந்தது. "அது அவக போட்டது, எனக்குத் தெரியாது" என்பார்.

ராமேஸ்வரம் கடற்கரையிலும் கோவிலைச் சுற்றிய தெருக்களிலும் படுத்துக் கிடந்தவர்கள் சிலருக்கு, ராமநாதபுரத்துக்கு வெளியே நயினார்கோவில் போகிற சாலையில் வரிசையாக வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்த மக்களைப் பார்த்து, வீடு வந்த பிறகு வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுத ஒரு தொண்டு நிறுவனம் ஆள் தேடியது. எங்கள் ஊர் அங்கிருந்து ஸ்கூட்டியில் கால் மணி நேரம். எம்.ஏ. முடித்துவிட்டு அய்யாவோடு மிளகாய்க் காட்டில் நின்றுகொண்டிருந்த எனக்கு, ஆறு மாத ஒப்பந்தம் என்றாலும் அது வேலை. நன்றாகச் செய்ய வேண்டும் என்கிற வெறி இருந்தது. அந்த வெறிதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று இப்போது சொல்வது சுலபம்.

கேள்வி ஆரம்பிக்கும் முன் ஒரு பத்தியை வாசித்துக் காட்ட வேண்டும். 'நீங்கள் சொல்வது ரகசியமாக வைக்கப்படும். உங்கள் பெயர் எங்கும் வராது.' மற்றவர்கள் எல்லோரும் எதற்கோ தலையாட்டுகிற மாதிரி ஆட்டிவிட்டுச் சும்மா இருந்தார்கள். பெரியம்மாதான் குறுக்கிட்டார்.

"ஏம்பேரு வராதுன்னா வேற யாரு பேரு வரும்?"

"யார் பேரும் வராது பெரியம்மா. நீங்க சொல்றது எங்கிட்டயே இருக்கும்."

"ஒங்கிட்டயா?"

"எங்கிட்டதான்."

அது அவருக்குப் போதுமாக இருந்தது. பேச்சைப் பதிவுசெய்ய என் போனை இருவருக்கும் நடுவில் வைத்தேன். அதையும் எடுத்து, மடியிலிருந்த என் பைமேல் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பேசி முடிக்கிற வரை கையை எடுக்கவில்லை. மூக்கு அரித்தபோது தோளில் தேய்த்துக்கொண்டார்.

பத்துப் பதினைந்து வருடமாக அவர் செய்த வேலை அதுதான். ராமேஸ்வரத்துக்கு வடக்கேயிருந்து வருகிறவர்கள் விடியும் முன்பே கடலில் முங்குவார்கள். முங்கிய ஈரத்தோடு கோவிலுக்குள் போய் இருபத்திரண்டு கிணற்றுத் தண்ணீரையும் தலையில் ஊற்றிக்கொள்வார்கள். பிறகுதான் உலர்ந்த துணி மாற்ற முடியும். அதுவரை மாற்றுத் துணி, போன், கண்ணாடி, மாத்திரைப் பொட்டலம் எல்லாவற்றையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். காசு கட்டி வைக்கும் அறைகள் இருக்கின்றன. ஆனாலும் கடலைப் பார்த்ததும் அவசரப்பட்டு இறங்குகிறவர்கள் பக்கத்தில் யார் முகம் தெரிகிறதோ அந்த முகத்தை நம்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். சத்திரத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்த பெரியம்மாவின் முகம் அப்படி நம்பத் தோன்றுகிற முகம். இந்தியில் அவருக்குத் தெரிந்தது ஐந்தாறு சொல். அதில் ஒன்று 'படா பேக்', ஒன்று 'சோட்டா பேக்'.

அவருக்கு ஒரே சட்டம். எந்தக் கை கொடுத்ததோ அந்தக் கைக்குத்தான் திருப்பிக் கொடுப்பார்.

ஒருமுறை ஒரு பெண் பையைக் கொடுத்துவிட்டுக் கோவிலுக்குள் போயிருக்கிறாள். அவளுக்கு முன்பே குளித்து முடித்த புருசன் ஈர வேட்டியோடு வந்து பையைக் கேட்டிருக்கிறான். பெரியம்மா தரவில்லை. அவன் கத்தினான். போனில் கல்யாணப் படத்தைக் காட்டலாம் என்றால் போனும் அந்தப் பைக்குள்தான் இருக்கிறது. போலீஸ்காரர் ஒருவர் வந்து, "அட, புருசன்தான், குடுத்துத் தொலையேன்" என்றார். "இவுக எங்கிட்டக் குடுக்கலையே சார்" என்று பெரியம்மா பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அரை மணி நேரம் அவன் குளிரில் நடுங்கியபடி நின்றான். தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட அந்தப் பெண் வந்து கை நீட்டினாள். பெரியம்மா முகத்தைப் பார்த்தார், கொடுத்தார். இந்தக் கதையைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பே வராது. நான்தான் சிரித்தேன்.

"என்னத்தச் சிரிக்கிற? அந்தாளு பாவம், நடுங்கிப் போனாரு. அதுக்காக?" என்றார்.

வீட்டைப் பற்றிக் கேட்டேன். 'நிலையான வீட்டுக்கு வந்த பிறகு உங்கள் வாழ்க்கையில் ஏற்பட்ட முக்கியமான மாற்றம் என்ன?' என்பது என் தாளில் இருந்த கேள்வி. அதை அப்படியே கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. "வீடு வந்து என்ன மாறுச்சு பெரியம்மா?" என்றேன்.

கொஞ்ச நேரம் கதவையே பார்த்தார். "சீலை மாத்துறதுக்கு இருட்டுறவரைக்கும் காத்துக் கெடக்க வேண்டாம்" என்றார். "பட்டப் பகல்ல மாத்தலாம். தாப்பாளப் போட்டுட்டு நடு வீட்டுல நின்னு மாத்தலாம். மொத நா மூணு தடவ மாத்துனேன்."

சொல்லிவிட்டு வெட்கப்பட்டார். எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. அதே நொடியில், இது ரிப்போர்ட்டில் பிரமாதமாக வரும் என்றும் தோன்றியது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. இரண்டும் ஒன்றாகத்தான் தோன்றின.

அந்த வீட்டில் சாமான் என்று அதிகம் இல்லை. சுவரில் ஆணியடித்து நீல நிற ரெக்சின் பை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். ஜிப்பின் இரண்டு முனையையும் சேர்த்து நூலால் கட்டியிருந்தது. உங்களுடையதா என்று கேட்டேன். இல்லை என்றார். மூன்று வருடத்துக்கு முன்னால், கையில் பச்சை குத்திய ஒரு வயதான வடக்கத்திப் பெண் கொடுத்துவிட்டுக் கடலில் இறங்கினாளாம். கூட்டமோ கூட்டம். திரும்பி வரவே இல்லை. கடலில் ஒன்றும் ஆகவில்லை, ஆகியிருந்தால் கரையில் தெரிந்திருக்கும். வந்த பஸ் கிளம்புகிறது என்று யாராவது இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

"உள்ள என்ன இருக்கு?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் தொறக்கல."

"மூணு வருசமாவா? அட்ரஸ் கிட்ரஸ் இருக்கலாமே. போலீஸ் ஸ்டேஷன்லயாவது குடுத்திருக்கலாமே."

"ஸ்டேஷனா எங்கிட்டக் குடுத்துச்சு?" என்றார்.

அப்புறம் என் போனை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குரலைத் தணித்து, அடுத்ததைச் சொன்னார். அமாவாசைக்கு, கூட்டம் சேருகிற நாள்களுக்கு, அந்தப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் பாலம் தாண்டி ராமேஸ்வரம் போய்விடுவார். பழைய சுவரோரம் உட்காருவார். வந்தவர்கள் திரும்பவும் வருவார்கள், வந்தால் அந்தச் சுவரைத்தான் தேடுவார்கள். "தேடி வாரவுக அங்கனதான வருவாக? நயினார்கோயில் ரோட்டுக்கா வருவாக?" குளிக்கிற கூட்டம் விடியும் முன்பே வந்துவிடும் என்பதால் முந்தின சாயங்காலமே போய் அங்கேயே படுத்தால்தான் முடியும். கையில் நாலு காசும் கிடைக்கும். மாதத்தில் பதினோரு நாள் அப்படிப் போய்விடும். வீடு கொடுத்தவர்களின் விதிப்படி வீட்டில் குடியிருக்க வேண்டும், பூட்டிப் போட்டால் ஒதுக்கீடு ரத்து. அதனால் அந்த நாள்களில் பக்கத்து வீட்டுப் பூக்கார அக்கா இவர் கதவைத் திறந்து வைப்பார், வாசல் கூட்டுவார், விளக்குப் போடுவார். யாராவது கேட்டால் கடைக்குப் போயிருக்கிறாள் என்பார்.

பூக்கார அக்காவும் அந்தச் சுவரோரத்திலிருந்து வந்தவர்தான். முழங்கால் போனதால் அவர் திரும்பக் கடற்கரைக்குப் போவதில்லை, வீட்டிலிருந்தே பூக்கட்டிக் கொடுக்கிறார். பல வருடம் ஒரே சாக்கை விரித்து இரண்டு பேரும் படுத்திருக்கிறார்கள். மழை வந்தால் ஒருவர் பைகளைத் தூக்க, ஒருவர் சாக்கைத் தூக்குவார்களாம்.

"பதினோரு நாளுங்கிறது அவளுக்கும் எனக்குந்தான் தெரியும். இப்ப ஒனக்கு" என்றார் பெரியம்மா. பிறகு போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

ரிப்போர்ட்டில் அவருக்கு லட்சுமி என்று பெயர் வைத்தேன். அடிக்குறிப்பில் 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்று போட்டேன். ஊரை எழுதவில்லை, வயதைக்கூட இரண்டு கூட்டினேன். மாற்ற வேண்டியதையெல்லாம் மாற்றிவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தது. பையை மட்டும் விட்டுவிட்டேன். நீல ரெக்சின், நூல் கட்டிய ஜிப், பச்சை குத்திய கை, மாதத்தில் பதினோரு நாள் அதைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போவது, எல்லாம் எழுதினேன். திறந்திருக்கும் கதவையும் எழுதினேன். எங்கள் அலுவலகத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார், அதிகம் பேசமாட்டார். படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"பையை எடுத்துரும்மா. பை இருந்தா ஆளு தெரிஞ்சிரும். அந்த நாள் கணக்கையும் எடுத்துரு."

"பை இல்லேன்னா அதுல என்ன சார் இருக்கு?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒன் இஷ்டம்" என்றார். அவர் இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கலாம் என்று பிற்பாடு அவர்மேல் கோபம்கூட வந்தது. பழியை இறக்கி வைக்க ஒரு தோள் கிடைக்காதா என்று மனது எங்கெல்லாம் அலைகிறது பாருங்கள்.

ரிப்போர்ட்டை வெளியிட்ட கூட்டத்தில் அந்தப் பகுதியை என்னையே வாசிக்கச் சொன்னார்கள். வீடுகளை ஒதுக்கிய அலுவலகத்திலிருந்தும் ஆள்கள் வந்திருந்தார்கள். நான் நன்றாக வாசிப்பேன். சீலை மாற்றிய இடத்தில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிந்ததும் கைதட்டினார்கள். முன்வரிசையில் ஓர் அதிகாரி, "ரொம்ப உயிரோட்டமா இருக்கும்மா" என்று ஒரு பிரதி கேட்டு வாங்கினார். என் கையாலேயே கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த அலுவலகத்திலிருந்து ஒருவர் வீடுகளைச் சரிபார்க்க வந்தார். முதல் கடையிலேயே, "நீலப் பை வச்சிருக்கிற அம்மா வீடு எது?" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரி வெள்ளந்தியாகக் கை காட்டியிருக்கிறாள். பெரியம்மா அன்று ராமேஸ்வரத்தில். பூக்கார அக்கா பதறிப் போய், கடைக்குப் போயிருக்கிறாள் என்று வழக்கம்போலச் சொன்னார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே, "மாசத்துல பதினோரு நாளும் கடைதானா?" என்றாராம். கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்.

பெரியம்மா திரும்பி வந்ததும் பூக்கார அக்கா நடந்ததை ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார். பதினோரு நாள் என்று அந்த ஆள் சொன்னதையும் சேர்த்துத்தான். அதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கலாம். மறைக்கத் தெரியாத மனுசி சொல்லிவிட்டார்.

நான் கேள்விப்பட்டுப் போனபோது, இரண்டு பேருக்கும் குழாயடியில் நடந்த சண்டை முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. பெரியம்மா வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. என் பையை வழக்கம்போல வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அவதான் சொல்லியிருக்காத்தா" என்றார். "எனக்கும் அவளுக்கும் தெரிஞ்ச கணக்கு. வேற யாருக்குத் தெரியும்? எல்லாரு முன்னாடியும் கேட்டேன். அவ ஒண்ணும் பேசல. பேசாம நின்னா என்ன அர்த்தம்?"

என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். 'இப்ப ஒனக்கு' என்று என்னிடம் சொன்னது அவருக்கு மறந்திருக்காது. எத்தனையோ ஆயிரம் முகத்தையும் பையையும் மறக்காதவர். ஆனால் என்னை அவர் அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஒருவரிடம் கொடுத்து வைத்தது வேறு கைக்குப் போகும் என்று அவருக்கு நினைக்கத் தெரியவில்லை. தோழி சண்டையில் வாய் தவறிச் சொல்லியிருப்பாள், பொறாமையில் சொல்லியிருப்பாள், அதெல்லாம் நடக்கும். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வாங்கினவர் கொடுத்துவிடுவது நடக்காது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. "மனு எழுதித் தாரேன் பெரியம்மா" என்று அதற்குப் பதிலாக வந்தது.

எழுதினேன். நாலு பக்கம், அழகான கையெழுத்தில். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், நானே மூன்று தடவை அலைந்தேன். "ஒருத்தி காட்டிக் குடுத்தா, ஒருத்தி காப்பாத்த அலையிறா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோரிடமும் சொன்னார். பூக்கார அக்கா காதுபடச் சொன்னார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மனு எடுபடவில்லை. வேறு ஒரு குடும்பம் அந்த வீட்டுக்கு வந்தது. பெரியம்மா நீலப் பையும் ஒரு சாக்குமாகப் பஸ் ஏறினார். எனக்கு அந்த ரிப்போர்ட்டைக் காட்டி மதுரையில் நிரந்தர வேலை கிடைத்தது.

ஒன்றரை வருடம் போனது. ராமேஸ்வரம் பக்கம் வேலை வந்தால் வேறு யாரையாவது அனுப்பச் சொல்வேன். போன தை மாதத்தில் அது முடியாமல் போயிற்று. காலையில் அலுவலகக் கூட்டம் முடிந்து, பத்து மணி வெயிலில் சத்திரத்துச் சுவரோரம் போனேன். இருந்தார். நல்ல கறுத்துப் போயிருந்தார். மடியில் யாருடையதோ இரண்டு பை, கட்டியிருந்த சேலை ஈரம் காய்ந்து உப்புப் பூத்திருந்தது.

"வாத்தா, பையக் குடு" என்று கை நீட்டினார்.

நான் கொடுக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். நான்தான் எழுதினேன், நான்தான் வாசித்தேன், பதினோரு நாள் என்பதும் என் தாளில் இருந்ததுதான், பூக்கார அக்கா யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. அழாமல் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை. போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பெரியம்மா நீட்டிய கையை மெல்ல மடக்கி, மடியிலிருந்த பைகள்மேல் வைத்துக்கொண்டார். வடக்கத்திக்காரர் ஒருவர் வந்து ஒரு பையை வாங்கிப் போனார். அவருக்குக் கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"நான் யார்கிட்டயும் ஒண்ணையும் குடுத்து வச்சதில்லத்தா. குடுக்க எங்கிட்ட என்ன இருந்துச்சு? அன்னைக்குத்தான் மொதத் தடவ."

நான் வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத விடு. அவள வஞ்சுப்புட்டேனே. நாலு பேரு முன்னாடி வஞ்சேனே. இத்தன வருசம் எங்கூடப் படுத்தவள." அவர் குரல் அப்போதுதான் உடைந்தது. "நீ போயி அவகிட்டச் சொல்லு. எங்கிட்டச் சொன்ன மாதிரியே சொல்லு. சொல்லிட்டு வந்து, அவ என்ன சொன்னான்னு எனக்குச் சொல்லு. நான் பெறகு போறேன்."

அன்று மத்தியானமே நயினார்கோவில் சாலைக்குப் போனேன். பூக்கார அக்கா காலை நீட்டி உட்கார்ந்து கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கிற வரை நார் கையில் ஓடிக்கொண்டே இருந்தது. முடித்ததும், கட்டியதை ஒரு முழம் அளந்து பார்த்துவிட்டு வைத்தார்.

"நீங்கதான்னு எனக்கு அப்பவே தெரியும். நான் சொல்லல, அவ சொல்லல. பெறகு யாரு? நீங்க வந்து சொல்லுவீகன்னு பாத்தேன்."

"நீங்களாவது அவங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே அக்கா."

"அவ கேக்கலையே. நீ சொன்னியான்னா கேட்டா? நீதான் சொன்னன்னுல்ல சொன்னா." நாரை எச்சில் தொட்டு முறுக்கினார். "நீங்க எழுதுனீக, சரி. வீடு போச்சு. நான் சொல்லியிருப்பேன்னு அவ நெனச்சாளே, அதையும் நீங்களா எழுதுனீக?"

நான் எழுந்தபோது அவரே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"அவ வந்தாலும் நான் பேசமாட்டேன். என்னால முடியாது. ஆனா இத அவகிட்டச் சொல்லிராதீக. இன்னைக்கு வருவா நாளைக்கு வருவான்னு இருந்துட்டுப் போகட்டும். இது ஒங்களோட இருக்கட்டும்."

மறுநாள் ராமேஸ்வரம் போனேன். பெரியம்மா நான் வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னா?"

"கேட்டுக்கிட்டாங்க பெரியம்மா."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல."

"கோவம் இருக்குமில்ல. ஆறட்டும்" என்றார். முகம் தெளிந்திருந்தது. அமாவாசைக் கூட்டம் கழியட்டும், மெதுவாகப் போய்ப் பார்க்கிறேன் என்றார். இன்னும் போகவில்லை. நான் போன் செய்யும்போதெல்லாம், பக்கத்துக் கடைக்காரர் போனில் வந்து, அவள் ஏதாவது சொல்லியனுப்பினாளா என்று முதலில் அதைத்தான் கேட்கிறார். இல்லை என்கிறேன்.

நம்பிக் கொடுத்த ஒன்றையாவது வேறு கைக்குப் போகாமல் வைத்திருக்கிறேன் என்று எனக்குள் கொஞ்ச நாள் பெருமையாக இருந்தது. இப்போது அதையும் எழுதிவிட்டேன்.